செப்புக் குடமும் ஜிங்க் மாத்திரையும்

கேள்வி: என் கணவருக்கு வயது 61. போன வருடம் கோயம்புத்தூரில் ஸ்டென்ட் வைத்தார்கள். மருமகன் ஒரு செப்புக் குடம் வாங்கிக் கொடுத்து, "செம்புத் தண்ணீர் குடித்தால் இதயம் பலப்படும் மாமா" என்றார். காலையில் அந்தக் குடத்திலேயே எலுமிச்சை பிழிந்து வைத்துக் குடிக்கிறார். காப்பர் மாத்திரையும் வாங்கட்டுமா என்று மருமகன் கேட்கிறார். கொரோனா சமயத்தில் ஆரம்பித்த ஜிங்க் மாத்திரையை வேறு இவர் இன்னும் விடவில்லை. இதெல்லாம் சரிதானா டாக்டர்?
- ஒரு வாசகி, அரவேணு

பதில்: கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஜிங்க்தான் அம்மா என்னை உறுத்துகிறது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஜிங்க் சல்ஃபேட் 220 மில்லிகிராம் என்று இருந்தால், அதில் ஜிங்க் மட்டும் சுமார் 50 மில்லிகிராம். நெடுநாள் சாப்பிட ஒரு நாளைக்கு 40-தான் எல்லை. ஜிங்க் மிஞ்சினால் குடல் சுவரில் ஒரு புரதம் கூடிவிடும். அது சாப்பாட்டில் வரும் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குடல் செல்கள் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடும். உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்கு ஜிங்க்கையே மருந்தாகக் கொடுக்கிறோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் சாப்பிட்டவருக்கு ரத்தசோகை இருக்கிறதா, கால் மரத்துப்போகிறதா என்று டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

மருமகன் சொன்னதை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். ரத்தக் குழாய் ரப்பர் போல விரிந்து சுருங்குகிறதே, அந்த நார்களைப் பின்னிக் கட்டும் என்சைமுக்குச் செம்பு வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் செம்புச்சத்து இல்லாத புல்லை மேய்ந்த மாடுகள் நின்ற இடத்திலேயே விழுந்து செத்தன. இதயத் தசை கெட்டுப்போயிருந்தது. ஆனால் அது பற்றாக்குறையால் வந்தது. குறை இல்லாதவருக்குக் காப்பர் மாத்திரை கொடுத்து மாரடைப்பைத் தடுத்ததாக நிரூபணம் இல்லை. ஒரு நாளைக்குத் தேவை 0.9 மில்லிகிராம். ஒரு சின்னப் பிடி முந்திரியிலேயே பாதிக்கு மேல் வந்துவிடும். எள்ளு, கொண்டைக்கடலை, நம் பக்கத்து அவரைக்கொட்டைக் குழம்பு எல்லாவற்றிலும் இருக்கிறது. நான் தோட்ட ஆஸ்பத்திரியில் இருந்தபோது, மழைக்காலத்தில் தேயிலைக் கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து அடித்துவிட்டு வருபவர்களின் சட்டையெல்லாம் நீலப் பச்சையாக இருக்கும். "நம்ம ஊர்ல செம்புக்கா சார் பஞ்சம்?" என்பார் கம்பவுண்டர்.

அப்புறம் குடம். என் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் செப்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பார். கறுத்துக் கிடந்தது பத்தே நிமிடத்தில் பளபளக்கும். எப்படி? மேலே படிந்த களிம்பைப் புளி கரைத்துவிடுகிறது. எலுமிச்சை செய்வதும் அதே வேலைதான். என்ன, இங்கே கரைந்தது உங்கள் கணவர் வயிற்றுக்குள் போகிறது. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி வரும். பழைய ஆட்கள் ஈயம் பூசாத பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்காதது இதனால்தான். ராத்திரி வெறும் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பதில் தவறில்லை. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் செம்பு வரை இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெறும் தண்ணீரில் அவ்வளவு இறங்காது. எலுமிச்சையைக் கண்ணாடி டம்ளரில் பிழியச் சொல்லுங்கள்.

காப்பர் மாத்திரை வேண்டாம். அடுத்த முறை கோவை போகும்போது ஜிங்க் அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஸ்டென்ட் வைத்தபோது எழுதிக் கொடுத்த ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையை மட்டும் அவர்கள் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. குடத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிடாதீர்கள், மருமகன் மனசு சங்கடப்படும்.