பெங்களூரில் எம்பெடெட் வேலை. நியோவிமில் கோட் கம்ப்ளீஷன் உருப்படியாக வரவில்லை. விஎஸ் கோடுக்கு மாறிவிடலாமா?

மாறலாம், தப்பே இல்லை. ஆனால் மாறிய மறுநாளும் இதே கேள்வியோடுதான் வந்து நிற்பீர்கள். கோளாறு எடிட்டரில், அதாவது கோட் எழுதும் அந்த மென்பொருளில் இல்லை.

நீங்கள் எழுதியதிலிருந்து ஊகிக்கிறேன்: சி மொழி, ஆர்ம் சிப், மேக்ஃபைல் (எதை எப்படிக் கம்பைல் செய்வது என்று மேக் கருவிக்குச் சொல்லும் ஃபைல்) வைத்த பழைய ப்ராஜெக்ட், ஆபீஸ் கொடுத்த உபுண்டு லேப்டாப். ஸ்ட்ரக்ட் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்தால் அதன் உறுப்புகள் வருவதில்லை. அந்த ஃபைலில் எங்கெங்கோ கிடக்கும் சொற்கள்தான் வரிசை கட்டுகின்றன. அது கம்ப்ளீஷன் இல்லை, வெறும் சொல் பொறுக்கல். விம்மில் கண்ட்ரோல்-என் அழுத்தினால் வருவதும் அதுதான். விஎஸ் கோடிலும், பரிந்துரை சொல்ல வேண்டிய சர்வர் வாய் திறக்காதபோது இதையேதான் பார்ப்பீர்கள். சொல்லுக்குப் பக்கத்தில் ‘ஏபிசி’ என்ற குட்டி அடையாளம் இருக்கும்.

2016-இல் மைக்ரோசாஃப்ட், எடிட்டரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான லாங்குவேஜ் சர்வர் ப்ரோட்டோகாலை (எல்எஸ்பி) வெளியிட்டதிலிருந்து எடிட்டர் இதில் தபால்காரர் மட்டுமே. கோடைப் படித்துப் பதில் சொல்வது உங்கள் கம்ப்யூட்டரிலேயே தனியாக ஓடும் சர்வர். சி, சி++ இரண்டுக்கும் கிளாங்டி. அதை எந்த எடிட்டரில் மாட்டினாலும் ஒரே பதில்தான். விஎஸ் கோடில் மைக்ரோசாஃப்டின் சி நீட்டிப்பையும் கிளாங்டியையும் சேர்த்துப் போட்டால் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

எடிட்டர் வேலையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். உபுண்டு 22.04-இல் ஏப்ட் (மென்பொருள் நிறுவும் கருவி) தரும் நியோவிம் 0.6.1, 24.04-இல் 0.9.5. இரண்டுமே பழசு. கிட்ஹப் வெளியீட்டுப் பக்கத்திலிருந்து 0.11 அல்லது அதற்குப் பிந்தையதை இறக்குங்கள். கான்ஃபிக் ஃபோல்டருக்குள் ‘எல்எஸ்பி’ என்று ஒரு ஃபோல்டர், அதில் கிளாங்டி பெயரில் ஒரு லுவா ஃபைல். அது மூன்றைத் திருப்பித் தந்தால் போதும்: ஓட்ட வேண்டிய கட்டளை, ஃபைல் வகைகள், ப்ராஜெக்டின் வேர் ஃபோல்டரைக் காட்டும் அடையாளங்கள். இனிட் ஃபைலில் அதை எனேபிள் செய்ய ஒரு வரி. இப்போதே கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-ஓ வேலை செய்யும். தானாக வர வேண்டுமென்றால் சர்வர் அட்டாச் ஆகும்போது கம்ப்ளீஷனின் ஆட்டோ ட்ரிகரை ஆன் செய்யுங்கள். அது புள்ளி, அம்புக்குறி மாதிரி சர்வர் சொன்ன எழுத்துகளுக்குத்தான் பாயும், ஒவ்வொரு எழுத்துக்கும் வராது. ‘வரவில்லையே’ என்று அதற்குள் பத்து ப்ளகினைக் கொட்டாதீர்கள். கம்ப்ளீட்ஆப்ட் என்ற செட்டிங்கில் நோசெலக்ட் சேர்க்காவிட்டால் முதல் பரிந்துரை கேட்காமலேயே உள்ளே விழும்.

இனிதான் விஷயம். உங்கள் கோட் எந்த ஃபிளாக்குகளோடு (கம்பைலருக்குத் தரும் ஆப்ஷன்கள்), எந்த ஹெடர் ஃபோல்டர்களோடு கம்பைல் ஆகிறது என்று கிளாங்டிக்கு யாராவது சொல்ல வேண்டும். சொல்வது கம்பைல்-கமாண்ட்ஸ் ஜேசன் ஃபைல் (பெயரில் ஹைஃபனுக்குப் பதில் அண்டர்ஸ்கோர்). மேக்ஃபைலைத் தானே எழுதித் தரும் சீமேக் என்றால் எக்ஸ்போர்ட் கம்பைல் கமாண்ட்ஸை ஆன் செய்தால் தானே எழுதும். வெறும் மேக்ஃபைலுக்கு ‘பேர்’ என்ற கருவி, கரடியின் ஆங்கிலப் பெயர். பேர், இரண்டு ஹைஃபன், மேக்: கட்டளை அவ்வளவுதான். ஆனால் முதலில் மேக் க்ளீன் அடியுங்கள். கரடி கண் முன்னால் ஓடும் கம்பைலரை மட்டுமே எழுதிவைக்கும். ஏற்கெனவே பில்டு ஆனதை மேக் தொடாது, அதனால் ஃபைலில் வெறும் சதுர அடைப்புக்குறி இரண்டு மட்டும் மிஞ்சும். பலர் இடறி விழுவது இங்கேதான்.

கிளாங்டி அந்த ஜேசனைச் சோர்ஸ் ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலிருந்து மேலே மேலே போய்த் தேடும், வழியில் ‘பில்டு’ என்ற துணை ஃபோல்டரையும் எட்டிப்பார்க்கும். உங்கள் ஃபோல்டருக்கு வேறு பெயர் என்றால் வேரில் அந்த ஜேசனுக்கு ஒரு சிம்லிங்க் (குறுக்குவழி) போடுங்கள். டாக்கர் கண்டெய்னருக்குள் (லேப்டாப்பிலிருந்து பிரித்துவைத்த சூழல்) பில்டு செய்தால் ஜேசனில் இருப்பது கண்டெய்னரின் பாதை, உங்கள் லேப்டாப்பில் அப்படி ஒரு இடமே கிடையாது. உள்ளேயும் வெளியேயும் ஒரே பாதை வரும்படி மவுண்ட் செய்வதுதான் சுலபம்.

அடுத்தது க்ராஸ் கம்பைலர், அதாவது லேப்டாப்பில் ஓடி வேறு சிப்புக்குக் கோட் தயாரிக்கும் கம்பைலர்; உங்களுக்கு அது ஆர்ம் ஜிசிசி. எல்லாம் செய்தும் ஸ்டாண்டர்ட் ஹெடர் இன்க்ளூட் வரிக்கே சிவப்புக் கோடு விழுகிறதா? ஆர்ம் ஜிசிசி தன் ஹெடர்களை எங்கே வைத்திருக்கிறது என்பது கிளாங்டிக்குத் தெரியாது. பாதுகாப்புக் கருதி, முன்பின் தெரியாத கம்பைலரை அது தானாக ஓட்டிக் கேட்பதுமில்லை. க்வெரி-டிரைவர் ஆப்ஷனில் ஆர்ம் ஜிசிசியின் முழுப் பாதையைக் கொடுத்து நீங்கள்தான் அனுமதிக்க வேண்டும். ஜிசிசிக்கு மட்டும் புரியும் ஃபிளாக்கைப் பார்த்து ‘அன்னோன் ஆர்க்யுமென்ட்’ என்று அலறினால், முன்னால் புள்ளி வைத்த கிளாங்டி ஃபைலில் கம்பைல் ஃபிளாக்ஸ் பகுதியில் ரிமூவ் பட்டியலில் அதைப் போடுங்கள்.

லேப்டாப்பில் 8 ஜிபிதான் என்றால், கிளாங்டியின் ஜே ஆப்ஷனில் 2 கொடுத்து, அது ப்ராஜெக்ட் முழுவதையும் படித்து இண்டெக்ஸ் போடும் வேகத்தைக் குறையுங்கள். முதல் நாள் விசிறி கத்தும். பிறகு இண்டெக்ஸ் கேஷ் ஃபோல்டரில் சேமிப்பில் இருக்கும்.

இன்னொன்று நம்மவர்களுக்கே உரியது. கண்ட்ரோல்-ஸ்பேஸ் அழுத்தினால் பரிந்துரை வராமல் தமிழ்க் கீபோர்டு வருகிறதா? லினக்ஸில் கீபோர்டு மொழி மாற்ற உதவும் எஃப்சிடிக்ஸ் 5-இல் உள்ளீடு மாற்றும் விசையே அதுதான். அதன் கான்ஃபிக் கருவியில் வேறு விசைக்கு மாற்றுங்கள். ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரிலும் இதே தகராறு உண்டு. கோபத்தில் தமிழையே கழற்றிவிடாதீர்கள். ஏற்கெனவே இந்த ஊரில் பத்துத் தமிழர் இருக்கும் ஆபீஸ் குழுவிலும் ‘சாப்டாச்சா’ ஆங்கில எழுத்தில்தான் வருகிறது. கேட்டால் கீபோர்டு கஷ்டமாம். விம் விசைகளைப் பழகியவருக்குத் தமிழ்99 கீபோர்டு கஷ்டமா? சரி, அதை விடுங்கள்.

கம்ப்ளீஷன் வைத்தால் மூளை மழுங்கும் என்று கீழே யாராவது நிச்சயம் எழுதுவார். சிப்பின் ஐந்நூறு ரிஜிஸ்டர் பெயரை அவர் மனப்பாடம் செய்துகொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இத்தனைக்குப் பிறகும் வரவில்லையென்றால் எடிட்டரை மூடிவிட்டு, டெர்மினலில் கிளாங்டியைச் செக் ஆப்ஷனோடு ஒரு சோர்ஸ் ஃபைல் மீது ஓட்டுங்கள். எந்தக் கம்பைல் கட்டளையை எடுத்துக்கொண்டது என்று அச்சிடும். அங்கே ‘ஜெனரிக் ஃபால்பேக்’ என்று மட்டும் வந்தால் ஜேசனை அது பார்க்கவே இல்லை. வேறு ஏதாவது வந்தால் அந்த வரிகளை அப்படியே கருத்தில் ஒட்டுங்கள், பார்க்கிறேன். கம்பெனி கோட் பாதை இருந்தால் அழித்துவிட்டு ஒட்டுங்கள்.