கருப்புத் தண்ணிய எறக்கி விட்டுராதீங்க, தம்பி

பெருந்துறைத் தம்பிக்கு வணக்கமுங்க. போன வருசம் இங்கிலாந்துல ரெடிங் வந்து, இப்பத்தான் பழைய வீடொண்ணு வாங்கியிருக்கீங்க. மாடி ரூம் ரேடியேட்டர், அதான் உள்ள சுடுதண்ணி ஓடி ரூமச் சூடாக்கற தகடு, மேல சுடுது, அடியில சில்லுனு இருக்குது. பாக்க வந்த ஆளு ஏதோ மருந்து ஊத்தணும், காந்த ஃபில்டர் மாட்டணும்ங்கறாரு, இது ஏமாத்து வேலையான்னு கேட்டிருக்கீங்க. கூடவே பையன் பள்ளிக்கூடம், கார் இன்சூரன்ஸ், ஊருக்கு எப்பத் திரும்பறதுன்னு இன்னும் மூணு. பள்ளிக்கூடத்தப் பத்தி எங்க வீட்டம்மாவத்தான் கேக்கணும். இன்சூரன்ஸ் மொத வருசம் எல்லாருக்கும் தீட்டத்தான் செய்யும். கடைசிக் கேள்விக்குப் பதினஞ்சு வருசமா எங்கிட்டயே பதில் இல்லீங்க. மருந்து விசயத்துக்கு மட்டும் வாரேன். அதுல நான் சூடு பட்டவன்.

இத கோபில எங்கய்யன் வீட்டுத் திண்ணையில உக்காந்துதான் எழுதறேன். நாளைக்குக் காப்புக்கட்டு. பூளைப்பூவும் வேப்பிலையும் ஆவாரமும் ஒரு கட்டு வந்து கெடக்குது. தம்பி மகன் மாடித் தொட்டிக்குள்ள எறங்கித் தேச்சுட்டிருக்கான், கலங்கல் தண்ணி குழாய் வழியா வாசலுக்கு வருது. இதப் பாத்தாலே எனக்கு 2014 பொங்கல்தான் ஞாபகம்.

அதுக்கு முந்தின வருசம் ஸ்லவ்ல வீடு வாங்கியிருந்தோம். பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்றப்ப, ரேடியேட்டர்ல காத்து எடுக்கலாம்னு சாவியப் போட்டுத் திருகுனேன். மையாட்டம் கருப்பா பீச்சியடிச்சுது, செவுரெல்லாம் நாசம். நல்ல நாளும் அதுவுமா வீட்டுக்குள்ள இந்தத் தண்ணியான்னு மனசு கேக்கல. பர்மிங்காம்ல ஒரு திருப்பூர்க்காரர், எதைக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லாத மனுசன். அவருக்குப் போன் போட்டேன். "வருசத்துக்கொருக்கா தொட்டி கழுவறதில்லீங்களா, அதே கணக்குத்தான். மொத்தத்தையும் எறக்கிட்டுப் புதுத் தண்ணி விடுங்க"ன்னாரு. அப்படியே செஞ்சேன். அன்னிக்கு ராத்திரி எல்லா ரேடியேட்டரும் கொதிச்சுது. எனக்குப் பெருமை தாங்கல.

அங்கதான் தப்பு. அது தொட்டித் தண்ணியில்லீங்க, குடிக்கறதுமில்ல, குளிக்கறதுமில்ல. பாய்லருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல அதே தண்ணிதான் சுத்திச் சுத்தி வருது. ரேடியேட்டர் உள்ளுக்குள்ள வெறும் இரும்புத் தகடு. புதுத் தண்ணியில ஆக்ஸிஜன் கரைஞ்சிருக்கும், அதுதான் இரும்பத் திங்குது. தின்னு தீந்ததும் தண்ணி சித்தெ அடங்கிரும். நாம என்ன பண்றோம், பழையதை எறக்கிட்டுப் புது ஆக்ஸிஜன நாமளே ஊத்தி விடறோம். இரும்ப அரிக்காம இருக்க முன்ன இருந்தவங்க ஊத்தி வெச்ச மருந்தும் அந்தத் தண்ணியோட சாக்கடைக்குப் போயிருச்சு. கருப்பா வர்றது மேக்னடைட்டுங்கற இரும்புத் துரு. கனமா இருக்கறதால ரேடியேட்டர் அடியில சேறாப் படியுது. அதனாலதான் உங்களுக்கு அடி மட்டும் சில்லுனு இருக்குது. மேல சில்லுனு இருந்தா அது காத்து. அடிக்கடி காத்து எடுக்க வேண்டி வந்தா அதையும் சாதாரணமா விட்டுராதீங்க, இரும்பு அரிக்கறப்ப வர்ற ஹைட்ரஜனா இருக்கலாம்.

எனக்கு நாலு வருசம் ஒண்ணும் தெரியல. அப்பப்ப பாய்லர்ல தண்ணி அழுத்தம் காட்டற கேஜ் எறங்கும், குழாயத் தொறந்து ஏத்தி விடுவேன். எங்கியோ ஒழுகுதுன்னு ரோசனையே வரல. ஒவ்வொருக்கா ஏத்தறப்பவும் புது ஆக்ஸிஜன், மருந்து இருந்திருந்தாலும் அதுவும் நீத்துத்தான் போயிருக்கும். 2018 பிப்ரவரி கடைசியில, கிழக்கிலிருந்து வந்த மிருகம்னு பேப்பர்காரங்க பேரு வெச்சாங்களே, அந்தப் பனியில, தண்ணியச் சுத்தி விடற பம்ப் நின்னு போச்சு. ரெண்டு கொழந்தைகளையும் ஒரே ரூம்ல போட்டு, எலெக்ட்ரிக் ஹீட்டர் ஒண்ண வெச்சுட்டு மூணு ராத்திரி ஓட்டுனோம். வந்த இன்ஜினியர் பம்பக் கழட்டி, அதுல இருந்த சேத்துல ஒரு காந்தத்த வெச்சாரு. மண்ணுல காந்தத்த உருட்டி இரும்புத்தூள் பொறுக்குவமே, அதே மாதிரி மயிரு மயிரா நட்டுக்கிட்டு நின்னுச்சு. எம்பட ரேடியேட்டரேதான் பொடியாகி வந்திருக்குது. பாய்லர் உள்ளயும் அடைச்சுப் போச்சு. புது பாய்லர்தான்.

அதனால அந்த ஆளு சொன்னது ஏமாத்தில்லீங்க. சென்டினல் எக்ஸ்100, ஃபெர்னாக்ஸ் எஃப்1 எல்லாம் தெரிஞ்ச சரக்குத்தான். எக்ஸ்100 ஒரு லிட்டர் ஊத்துனா 100 லிட்டர் தண்ணிக்குத் தாங்கும், பத்து ரேடியேட்டர் வீட்டுக்குச் சரியா இருக்கும். ஆனா சேறு இருக்கற வீட்டுல மருந்த மட்டும் ஊத்துனா புண்ணக் கழுவாம கட்டுப் போட்ட கதை. மொதல்ல சேறு கரைக்கறத ஊத்தி ஓட விட்டு, தெளிவா வர்ற வரைக்கும் அலசி, அப்புறந்தான் மருந்து. இரும்புத் தூளப் புடிக்கற காந்த ஃபில்டர பாய்லருக்குத் திரும்பி வர்ற குழாயில மாட்டுவாங்க, வருசா வருசம் சர்வீஸ்ல தொறந்து கழுவச் சொல்லுங்க. பிஎஸ் 7593ன்னு அந்த நாட்டு விதிமுறை ஒண்ணு இருக்குது. 2019ல திருத்துனப்ப ஃபில்டரையும் அதுல சேத்துட்டாங்க. வருசத்துக்கொருக்கா தண்ணிய டெஸ்ட் பண்ணணும், அஞ்சு வருசத்துக்கொருக்கா மருந்தப் புதுசா ஊத்தணும், இல்லாட்டி ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாக்கணும்னும் இருக்குது. ஊத்துன தேதிய பாய்லர் மேல ஒட்டி வெக்கச் சொல்லுங்க.

ஏமாத்து நடக்கற எடம் வேற. தண்ணிய எடுத்துக்கூடப் பாக்காம, வாசல்ல நின்னுட்டே "பவர் ஃப்ளஷ் (மெசின் வெச்சு வேகமா அலசறது) பண்ணணும், பல நூறு பவுன் ஆகும்"ங்கற ஆளுகள நம்பாதீங்க. பாய்லரத் தொடறவங்க, கேஸ் வேலைக்குப் பதிவு பண்ணுன ஆளுன்னு காட்டற கேஸ் சேஃப் கார்டு காட்டணும். 2009லிருந்து அதுதான் சட்டம். அட்டையப் பின்பக்கம் திருப்பிப் பாருங்க, எந்தெந்த வேலைக்குத் தகுதின்னு போட்டிருக்கும். நம்மாளுகளுக்குக் கார்டு கேக்கக் கூச்சம். கூச்சப்படாதீங்க.

உப்புத் தண்ணி விசயம் தனி. திருப்பூர்ப் பக்கம் போர்த் தண்ணியில கீசர் காயில் வெள்ளை பூத்து வெடிக்குமே, அது ரெடிங்லயும் உண்டு. ஆனா அது கெட்டில், ஷவர், பாய்லர்ல குழாய்க்குச் சுடுதண்ணி போற பக்கம், அங்கதான். ரேடியேட்டர் பக்கம் ஒரே தண்ணி சுத்தறதால ஒரு தடவை கொஞ்சம் படியும், அதுக்கு மேல சேராது. 200 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 200 பங்கு) மேல உப்பு இருக்கற ஊர்ல, தொட்டியில்லாம கேட்ட நேரத்துல சுடுதண்ணி தர்ற காம்பி பாய்லர் மாட்டுனா, உள்ள வர்ற தண்ணிக்கு உப்புத் தடுப்பு வெக்கணும்னு கட்டட விதியிலயே இருக்குது. உப்பை எடுக்கற சாஃப்ட்னர் மாட்டற ரோசனை இருந்தா, அந்தத் தண்ணிய ரேடியேட்டருக்கு விடலாமான்னு பாய்லர் புஸ்தகத்தப் பாருங்க, அலுமினியம் உள்ள பாய்லருக்கு ஆகாது.

பர்மிங்காம்காரர் மேல எனக்கு இன்னும் கோவந்தான். அவுங்களுக்கு வேல்ஸ் மலையில எலான் பள்ளத்தாக்குத் தண்ணி 1904லிருந்து வருது, கோயமுத்தூருக்குச் சிறுவாணி கேரளாவுலிருந்து வர்ற மாதிரி. கெட்டில்ல வெள்ளையே படியாது. அந்தச் சுகத்துல இருந்துட்டு ஊருக்கெல்லாம் யோசனை சொல்றது. இன்னொரு கூட்டம் இருக்குது, குளிர்காலம் முச்சூடும் ஹீட்டிங்கே போடலைன்னு பெருமை பேசும். அவுங்க வீட்டு மூலையில பூசணம் கரும்படையா நிக்கும். அதுக்குப் பேரு சிக்கனமில்ல. நானும் மொத வருசம் அப்படித்தான் கெடந்தேன், 2010 டிசம்பர். நூறு வருசத்துல காணாத டிசம்பர் குளிருன்னாங்க. வாடகை ரூம்ல செவுத்துல இருந்த ரேடியேட்டர துணி காயப் போடற சாமான்னு நெனச்சேன். ஓரத்துல திருகறதுக்கு நம்பர் போட்ட மூடி இருக்கறது ஜனவரியிலதான் தெரிஞ்சுது. யாரையும் கேக்கறதுக்கு ரோசம்.

இத்தனைக்கும் நான் தெரிஞ்சிருக்க வேண்டியவன். சங்ககிரியில எங்க மாமனுக்கு லாரி இருந்துது. பள்ளிக்கூட லீவுல வண்டி கழுவப் போவேன். ஒரு நாள் ரேடியேட்டர் எறங்கியிருக்குதுன்னு போர்த் தண்ணிய மொண்டு ஊத்திட்டேன். துரு புடிக்காம இருக்க மருந்து கலந்த கூலன்ட்தான் அதுக்கு ஊத்தணும். முதுகுல ஒண்ணு வெச்சாரு. "எஞ்சினுக்கு ஊத்தறதும் எருமைக்கு வெக்கறதும் ஒண்ணாடா?"

2018ல பாய்லர் போன சேதியச் சொல்ல அவருக்குப் போன் பண்ணுனேன். அந்த மனுசன் இங்கிலாந்தக் கண்ணுல பாத்ததில்ல, ரேடியேட்டர் வெச்ச வீட்டயும் பாத்ததில்ல. கால் மணி நேரம் நான் வெளக்குனதக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: "ஏண்டா, கூலன்ட் ஊத்துனியா?"

ஊருக்கு எப்பத் திரும்பறதுன்னு நீங்க கேட்டதுக்கு இல்லாட்டியும், மாமன் கேட்ட இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லலாம். தொட்டி கழுவி முடிஞ்சுது, மோட்டாரப் போடச் சொல்லி ஆத்தா சத்தம் போடுது. நீங்க பாய்லர் கேஜ ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. ஆறுனப்ப 1-க்கும் 1.5-க்கும் நடுவுல முள்ளு நிக்கணும். அடிக்கடி எறங்குதுன்னா குழாயத் தொறக்காதீங்க, ஒழுகற எடத்தத் தேடுங்க.