நொய்டாவில் படித்த டெல்லிப் பெண்: மறுபடியும் நீட் எழுதலாமா?

கேள்வி: பதினெட்டு வருடமாக டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம், சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். மகள் ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை நொய்டாவில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் படித்தாள். முதல் முறை நீட் எழுதி 720க்கு 478 எடுத்தாள். எம்சிசி என்ற மத்திய அரசின் மருத்துவக் கவுன்சலிங்கில் ஒன்பது கல்லூரிகள் போட்டோம், எல்லாம் டெல்லி. எதுவும் கிடைக்கவில்லை. ஆதாரில் டெல்லி முகவரி இருந்தும் டெல்லி கோட்டா கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கணவர் மத்திய அரசில் கிளார்க்காகச் சேர்ந்தவர், இப்போது செக்‌ஷன் ஆபீசர். நான் வேலைக்குப் போகவில்லை. ஊரில் நாங்கள் பிசி, ஆனால் அவர் சம்பளம் 8 லட்சத்தைத் தாண்டுவதால் ஓபிசி போடவில்லை. இன்னொரு வருடம் உட்கார வைக்கலாமா, பி.எஸ்சி.யில் சேர்த்துவிட்டு எழுதச் சொல்லலாமா, ராஜஸ்தானில் இருக்கும் கோட்டா ஊருக்குக் கோச்சிங் அனுப்பலாமா?

பதில்:

ஒரு வருடம் உட்கார வைக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் உங்கள் பெண் ஒரு தேர்வில்தான் கோட்டை விட்டிருக்கிறாள், வீட்டில் பெரியவர்கள் மூன்று இடத்தில் விட்டிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த ஊரில் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வழக்கமாக நடப்பதுதான். பதினைந்து வருடமாக ஆர்.கே.புரத்தில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன், கவுன்சலிங் நாட்களில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு இருக்காது, சான்றிதழ்தான் பரப்பிக் கிடக்கும். மறுபடியும் எழுதுபவர்கள் பாடத்தை மட்டும் மறுபடி படித்துவிட்டு, விண்ணப்பத்தைப் போன வருடம் போலவே நிரப்புவார்கள். அதனால் முதலில் விண்ணப்பத்தைப் பார்ப்போம், படிப்பு அப்புறம்.

டெல்லி கோட்டா ஏன் கிடைக்கவில்லை? மௌலானா ஆசாத், லேடி ஹார்டிங், யுசிஎம்எஸ் போன்ற டெல்லி பல்கலைக்கழகக் கல்லூரிகளில் 85 சதவீத இடங்கள் பதினொன்றும் பன்னிரண்டும் டெல்லி எல்லைக்குள் இருக்கும் பள்ளியில் படித்தவர்களுக்கு. வீடு எங்கே, ரேஷன் கார்டு எங்கே, ஆதார் எங்கே என்று அங்கே யாரும் கேட்பதில்லை, பள்ளி எங்கே என்பதுதான் கேள்வி. மெட்ரோவில் நியூ அசோக் நகர் தாண்டினால் அடுத்த ஸ்டேஷன் நொய்டா செக்டர் 15, அது உத்தரப் பிரதேசம். அந்த நாலு நிமிடம் மெட்ரோவுக்கு ஒன்றுமில்லை, கவுன்சலிங்கில் ஒரு மாநிலமே மாறிவிடுகிறது. இதை இனி எத்தனை முறை நீட் எழுதினாலும் மாற்ற முடியாது, ஆகவே டெல்லி கோட்டாவை மறந்துவிடுங்கள். (இதைப் படிக்கிற மற்றவர்கள், பிள்ளை பத்தாவதில் இருந்தால், பள்ளியை மாற்றுவதற்கு முன் இதை யோசித்துவிடுங்கள்.)

ஆனால் அதே பள்ளி உங்களுக்கு வேறொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது, நீங்கள் அதைத் தட்டவே இல்லை. உத்தரப் பிரதேச அரசு இடங்களுக்குப் பத்தாவது, பன்னிரண்டாவது இரண்டையும் அந்த மாநிலத்தில் முடித்தவர்களிடம் தனியாக டொமிசைல் (குடியிருப்பு) சான்றிதழ் கேட்பதில்லை, மதிப்பெண் சான்றிதழே போதும். உங்கள் பெண் அதில் வருகிறாள். இன்னொரு கதவு தமிழ்நாடு. அப்பா அம்மா தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள், பிள்ளை வெளிமாநிலத்தில் படித்தது என்றால் தாசில்தார் தரும் நேட்டிவிட்டி சான்றிதழும் பெற்றோரின் சாதி, படிப்புச் சான்றிதழ்களும் வைத்து அங்கே விண்ணப்பிக்கலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதம் உங்களுக்கு வராது, பிசி ஒதுக்கீடு வரும்.

இரண்டு மாநிலத்திலும் ஒரே நேரத்தில் ‘நான் இந்த ஊர்க்காரி’ என்று சொல்ல முடியாது, அப்படிச் சொல்லவில்லை என்று தமிழ்நாட்டில் எழுதியே வாங்குகிறார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் அவள் பொதுப் பிரிவு, ஏனென்றால் சாதிச் சலுகை சொந்த மாநிலத்தில்தான் செல்லும், குடிபோன மாநிலத்தின் ஒதுக்கீட்டில் செல்லாது. தமிழ்நாட்டில் பிசி, ஆனால் அங்கேயும் போட்டி உண்டு. எது லாபம் என்று நான் இங்கிருந்து சொல்வது சரியில்லை. கடந்த மூன்று வருடம் இரண்டு மாநிலத்திலும் கடைசிச் சுற்றில் அரசுக் கல்லூரி எந்த நீட் மதிப்பெண்ணில் முடிந்தது என்று எடுத்து ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மாநில ரேங்கை ஒப்பிடாதீர்கள், அது அந்தந்த மாநிலத்துக்கு உள்ளே மட்டும் அர்த்தமுள்ள எண். அதே போல ஒரு வருட மதிப்பெண்ணை இன்னொரு வருடத்தோடும் ஒப்பிட வேண்டாம். 2024ல் 720க்கு 720 எடுத்தவர்கள் பலர், 2025ல் முதலிடமே 686. அரசுக் கல்லூரி இடங்கள் முடிகிற அளவில், ஒரே அகில இந்திய ரேங்குக்கு அந்த இரண்டு வருடங்களுக்கு நடுவில் நூறு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம். ‘போன வருடம் எதிர்வீட்டுப் பையனுக்கு இத்தனைக்குக் கிடைத்ததே’ என்ற பேச்சை வீட்டில் நிறுத்திவிடுங்கள்.

இனி ஓபிசி. இதில்தான் எனக்கு வயிறு எரிகிறது, ஏனென்றால் மத்திய அரசு ஊழியர் குடும்பங்களே இதைத் தவறாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். வசதியானவர்களை ஓபிசி சலுகையிலிருந்து விலக்கும் கிரீமி லேயர் கணக்கில் சம்பளம் சேராது, விவசாய வருமானமும் சேராது. 1993ல் வந்த உத்தரவிலிருந்தே இப்படித்தான். 8 லட்சம் என்பது வாடகை, வட்டி, வியாபாரம் மாதிரி மற்ற வருமானத்துக்கு, அதுவும் தொடர்ந்து மூன்று வருடம் தாண்டியிருந்தால்தான். அரசு ஊழியருக்கு அவர்கள் பார்ப்பது பதவியை. நேரடியாக குரூப் ஏ-யில் சேர்ந்தவரா, அல்லது 40 வயதுக்கு முன் குரூப் பி-யிலிருந்து குரூப் ஏ-க்கு உயர்ந்தவரா என்பதுதான் கேள்வி. கிளார்க்காகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசர் வரை வந்த உங்கள் கணவர் குரூப் பி, நீங்கள் வேலையில் இல்லை. வேறு பெரிய வருமானம் இல்லையென்றால் உங்கள் மகள் கிரீமி லேயர் இல்லை.

இரண்டு விஷயத்தைச் சரிபாருங்கள். தமிழ்நாட்டுப் பிசி பட்டியலும் மத்திய அரசின் ஓபிசி பட்டியலும் ஒன்றல்ல, தமிழ்நாட்டுக்கான மத்தியப் பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊரில் வாங்கிய பிசி சான்றிதழைக் காட்டினால் எம்சிசியில் ஏற்க மாட்டார்கள், மத்திய அரசுப் படிவத்தில், அந்த வருடம் ஏப்ரல் 1க்குப் பிறகு தேதியிட்ட ஓபிசி சான்றிதழ் வேண்டும். நீட் விண்ணப்பத்திலேயே ஓபிசி என்று போட்டுவிடுங்கள், அங்கே பொது என்று போட்டுவிட்டு கவுன்சலிங்கில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஆனால் இதனால் கதவு அகலமாகத் திறந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். எந்த மாநிலத்தவரும் போட்டியிடும் அகில இந்திய 15 சதவீத இடங்களில் பொதுப் பிரிவுக்கும் ஓபிசிக்கும் கட்-ஆஃப் வித்தியாசம் கொஞ்சம்தான். 478க்கு அது மட்டும் போதாது.

மூன்றாவது, அந்த ஒன்பது கல்லூரி. விருப்பக் கல்லூரிகளை வரிசையாகப் போடும் சாய்ஸ் ஃபில்லிங்கில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், அதற்குத் தனியாகக் காசு இல்லை. மேலே எட்டாத கல்லூரியைப் போட்டால் கீழே இருப்பது போய்விடும் என்ற பயம் வேண்டாம், கம்ப்யூட்டர் உங்கள் வரிசையில் மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும், ரேங்குக்கு எது கிடைக்கிறதோ அதில் நிற்கும். ஒன்பதோடு நிறுத்தினால் பத்தாவதாகக் கிடைத்திருக்கக்கூடியது கிடைக்காது. அந்தமான் வரைக்கும் போடுங்கள், போவதும் போகாததும் கிடைத்த பிறகு பேசலாம். முதல் சுற்றில் கிடைத்து வேண்டாமென்றால் நஷ்டமில்லை, இரண்டாவதில் டெபாசிட் போகும். மிஞ்சிய இடங்களுக்கான கடைசி ஸ்ட்ரே சுற்றில் மட்டும் விளையாட்டுக்குக்கூடப் பெயர் கொடுக்காதீர்கள், அதில் கிடைத்துச் சேராவிட்டால் அடுத்த வருடம் நீட் எழுதவே தடை என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்தந்த வருடக் கையேட்டை ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள், விதிகள் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் நகரும்.

சரி, படிப்பு. 478 என்பது எப்படி வந்த 478? இது தெரியாமல் கோச்சிங் பணம் கட்டக் கூடாது. ஓஎம்ஆர் விடைத்தாள் நகலை இறக்கி வைத்திருப்பீர்கள், வினாத்தாள் கையிலேயே இருக்கும். உதாரணமாக 130 சரி, 42 தவறு, 8 விட்டது என்றால் 520இல் 42 போய் 478. அந்த 42இல் பாதியைச் சரியாக்கினால் 583. ஒரு தவறு சரியாவது நாலு மதிப்பெண் இல்லை, ஐந்து. என்னிடம் வருகிற ரிப்பீட்டர்களை முதல் நாள் புத்தகம் திறக்க விடுவதில்லை. மூன்று பேனா கொடுத்து, தெரியாமல் விட்டதற்குச் சிவப்பு, தெரிந்தும் தப்பாகச் செய்ததற்கு நீலம், இரண்டில் ஒன்று என்று குருட்டடி அடித்ததற்குப் பச்சை என்று குறிக்கச் சொல்வேன். போன வருடம் ஒரு பையன் தாளில் நீலமாகவே இருந்தது. பார்த்தால் ‘தவறான கூற்று எது’ என்று கேட்ட ஐந்து இடத்தில் சரியான கூற்றைத் தேடிக் கட்டத்தை நிரப்பியிருந்தான். இருபத்தைந்து மதிப்பெண், ஒரு சொல்லைப் படிக்காததால். அவனுக்குத் தேவைப்பட்டது இன்னொரு கோச்சிங் இல்லை, கேள்வியில் அந்தச் சொல்லின் கீழே கோடு போடும் பழக்கம்.

சிவப்பு பெரும்பாலும் இயற்பியலில் இருந்தால் ஒரு வருடம் தாராளமாகப் பயன்படும், அது உட்கார்ந்து கணக்குப் போட்டால் ஏறும் பாடம். உயிரியலில் 90 கேள்வி, 360 மதிப்பெண், அதிலேயே சிவப்பு நிறைய என்றால் என்சிஇஆர்டி புத்தகத்தை அவள் இன்னும் வரிவரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம், படத்துக்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்து உட்பட. பச்சைதான் அதிகம் என்றால் மாக் டெஸ்டில் ‘இதை விடு’ என்று சொல்லப் பழக வேண்டும். மாக் டெஸ்ட் மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை, ஓஎம்ஆர் தாளில், மொபைல் வேறு அறையில். டெல்லி மே மாதத்தில் அந்த நேரம் மனிதன் தூங்குகிற நேரம், உடம்பை அதற்குப் பழக்கினால்தான் உண்டு.

ராஜஸ்தான் கோட்டாவுக்கு அனுப்பும் கேள்வி. (இந்தத் துறையில் கோட்டா என்றாலே இரண்டு அர்த்தம், இரண்டும் தலைவலிதான்.) வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டை விட்டு இதுவரை இருக்காத பெண், தோற்ற வருடத்தில் முதல் முறையாக ஹாஸ்டல். டெல்லியிலேயே கோச்சிங் மையங்கள் நிறைந்த காலு சராய்க்கு மெட்ரோவில் போய் வரலாம், நொய்டாவிலேயே நல்ல டெஸ்ட் சீரிஸ் இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் ரசம் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

பி.எஸ்சி.யில் சேர்ந்துகொண்டே எழுதுவதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பிராக்டிகல், அட்டெண்டன்ஸ் என்று ஓடினால் இரண்டும் அரைகுறை. அதற்குப் பதில் அடுத்த வருடம் நீட்டோடு பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான சியுஇடியும் எழுதட்டும், டெல்லி பல்கலைக்கழகத்தில் ஒரு வருட இடைவெளி தடையில்லை. நீட்டுக்கு மேல் வயது வரம்பும் இல்லை, எத்தனை முறை என்ற கணக்கும் இல்லை, ஆனால் அதை அவளிடம் சொல்லாதீர்கள். ஒரு முறைதான் என்று அவளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள், டிசம்பர் மாக் டெஸ்ட்களைப் பார்த்து நடுவில் ஒரு தடவை மறுபடி யோசியுங்கள். நவம்பர், டிசம்பரில் ஐந்து முழுத் தேர்விலும் 478இலேயே நின்றால் என்னிடம் திரும்ப எழுதுங்கள், அப்போது வேறு பேச்சுப் பேசுவோம்.

நடுவில் போன்கள் வரும். ‘மேனேஜ்மென்ட் சீட், அட்வான்ஸ் மட்டும்’ என்று. எந்த எம்பிபிஎஸ் இடமும், டீம்டு (நிகர்நிலை) பல்கலைக்கழகம் உட்பட, கவுன்சலிங் வழியாக மட்டும்தான், வைத்துவிடுங்கள். டீம்டு என்றால் ஆண்டுக் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டும் இடங்கள் பல. ஜார்ஜியா, ரஷ்யா என்பார்கள், அதற்கும் நீட் பாஸ் வேண்டும், குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே ஒரு வருட இன்டர்ன்ஷிப், இவையெல்லாம் இருக்கிறதா என்று கேட்டால் பாதி ஏஜென்ட்கள் போனை வைத்துவிடுவார்கள்.

கடைசியாக ஒரு தமிழர் பிரச்சினை: இனிஷியல். பத்தாவது சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், ஊர்ச் சாதிச் சான்றிதழில் தமிழ் எழுத்தில் இனிஷியல் என்று மூன்று விதமாக இருக்கும். இந்த ஊர் அதிகாரிக்கு மூன்றும் மூன்று ஆட்கள். பத்தாவது சான்றிதழில் இருப்பதை அசலாக வைத்து ஆதாரை இப்போதே அதற்கு மாற்றிவிடுங்கள், பிப்ரவரியில் விண்ணப்பம் திறந்த பிறகு ஆதார் மையத்தில் வரிசையில் நிற்காதீர்கள். இடைவெளி வருடத்துக்குச் சில கல்லூரிகள் நோட்டரி கையெழுத்தோடு உறுதிமொழி கேட்கும், அது ஒரு நாள் வேலை, பிறகு பார்க்கலாம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போவீர்கள் அல்லவா? பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் போய், கணவரின் சாதிச் சான்றிதழ், அவருடைய எஸ்எஸ்எல்சி, மகளின் பிறப்புச் சான்றிதழ், கணவரின் அலுவலகத்தில் அவர் பதவி, சேர்ந்த நிலை, உயர்வு தேதிகளைக் குறிப்பிட்டு வாங்கிய கடிதம், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதலில் இ-சேவை மையம், அப்புறம் தாசில்தார் அலுவலகம். நேட்டிவிட்டியை இப்போதே வாங்கிவிடலாம். ஓபிசி மட்டும் ஏப்ரலுக்குப் பிறகு எடுக்க வேண்டியது, ஆனால் அதற்கு என்னென்ன கேட்பார்கள் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொண்டால் நீட் எழுதிவிட்டு வெயிலில் மறுபடி ரயில் ஏற வேண்டியிருக்காது.