வீட்டு அலுவலகத்துக்கு ஹெவி டியூட்டி ஸ்டேப்ளர்: 240 தாள் மெஷின் தேவையா?

கேள்வி இது: "வீட்டிலிருந்தே நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மாதக் கடைசியில் 40 தாள் முதல் 120 தாள் வரை உள்ள கட்டுகளைப் பின் அடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கையில் இருக்கும் சின்ன ஸ்டேப்ளர் போதவில்லை. 240 தாள் அடிக்கும் பெரிய மெஷினாகவே வாங்கிவிடலாமா?"

வேண்டாம். 140 தாள் வரை அடிக்கிற மெஷின் உங்களுக்குத் தாராளம். ஆனால் மெஷினை விடப் பின்னின் அளவுதான் இதில் முக்கியம். அதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த மெஷின் வாங்கினாலும் கட்டு சரியாக வராது.

நானும் இதே வேலைதான். தூத்துக்குடியில், வீட்டின் முன்னறையில், 11 வருடமாகச் செய்கிறேன். முதலில் வாங்கியது 240 தாள் மெஷின்தான். பெரியதாக வாங்கினால் சின்ன வேலையும் அதிலேயே முடிந்துவிடும் என்று நினைத்தேன். கடையில் கூடவே 23/13 பின் ஒரு பெட்டி கொடுத்தார்கள். அந்த மாதம் ஒரு ஹார்டுவேர் கடையின் 30 தாள் கட்டை அதில் அடித்தேன். முன்பக்கம் அழகாக இருந்தது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன். பின்னின் இரண்டு கால்களும் ஒன்றையொன்று தாண்டி, நுனி வெளியே நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. கடைக்காரரின் அம்மா அந்தக் கட்டை அலமாரியில் எடுத்து வைக்கும்போது உள்ளங்கை கிழிந்துவிட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஏன் அப்படி ஆனது என்று விளங்க வைத்தவர் எங்கள் தெருமுனையில் பைண்டிங் கடை வைத்திருந்த அண்ணாச்சி. "தாள எண்ணாதீங்க, தடிமனப் பாருங்க" என்றார். ஒரு ரிம் பேப்பரில் 500 தாள். அதன் மேல் ஸ்கேலை வைத்து அளந்தால் 5 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் வரும். அப்படியென்றால் 100 தாள் 1 சென்டிமீட்டர், 10 தாள் 1 மில்லிமீட்டர். பின் பெட்டியில் 23/13 என்று போட்டிருக்கிறதே, அதில் கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் பின்னின் கால் எத்தனை மில்லிமீட்டர் நீளம் என்பதைச் சொல்கிறது. முன்னால் உள்ள எண் கம்பியின் தடிமனுக்கு. அந்த எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். 26ஐ விட 24 தடிமன், 24ஐ விட 23 தடிமன். கனமான கட்டைத் துளைத்துக்கொண்டு போகும்போது கால் வளையாமல் இருக்க அந்தத் தடிமன் வேண்டும். பெரிய மெஷின்கள் 23 வரிசைப் பின்களைக் கேட்பது அதனால்தான்.

இனி கணக்கு எளிது. கட்டின் தடிமனோடு 3 மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த 3 மில்லிமீட்டர்தான் பின்பக்கம் மடங்கிப் பிடித்துக்கொள்ளும் பகுதி. 100 தாள் என்றால் 10 மில்லிமீட்டர், கூட 3, ஆக 23/13. உங்களிடம் இருக்கும் சின்ன ஸ்டேப்ளருக்கும் இது பொருந்தும். பத்தாம் நம்பர் பின்னின் கால் 5 மில்லிமீட்டர். அதில் 3 போக 2 மில்லிமீட்டர் மிச்சம், அதாவது 20 தாள். அதற்கு மேல் அடித்தால் பின் பிடிப்பதில்லை என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். 24/6 பின் 30 தாளோடு நின்றுவிடுவதும் இதே கணக்குதான்.

என் 30 தாள் கட்டுக்கு வாருங்கள். கட்டின் தடிமன் 3 மில்லிமீட்டர், பின்னின் கால் 13. ஒவ்வொரு காலும் 10 மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கிறது. பின்னின் அகலமே ஏறக்குறைய 13 மில்லிமீட்டர்தான். இரண்டு பக்கத்திலிருந்தும் பத்துப் பத்து மடங்கி வந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் என்ன செய்யும்? ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. மடங்குகிற நீளம் 6 மில்லிமீட்டருக்கு மேல் போனால் கைக்கு ஆபத்து.

உங்கள் வேலைக்கு 23/8, 23/10, 23/13, 23/15 நாலிலும் ஒவ்வொரு பெட்டி போதும். ஒரு பெட்டியில் 1000 பின் இருக்கும். 40, 50 தாளுக்கு 8, 70 வரை 10, 100 வரை 13, 120க்கு 15. பெட்டி மூடியிலேயே "50 தாள் வரை" என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். அவசரத்தில் அளவு மாறிப்போகாது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

மெஷின் விஷயத்தில், 23/17 பின் வரை எடுப்பதாகப் பாருங்கள். லூதியானாவில் தயாராகும் கங்காரோவில் எச்டி-23எஸ்17 என்று ஒன்று உண்டு. பெயரிலேயே 23 வரிசை, 17 மில்லிமீட்டர் என்று இருக்கிறது பாருங்கள். அதுதான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை, இந்த அளவு மெஷின் என்றால் போதும். உங்கள் ஊர்க் கடையில் எந்தப் பின் எப்போதும் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும் மெஷினாக வாங்குவது நல்லது. வாங்கப் போகும்போது உங்கள் கட்டு ஒன்றையே கையில் எடுத்துப் போங்கள். கடையில் கொடுக்கும் வெள்ளைத்தாளில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் அடிக்கும். உங்கள் கட்டில் நாலைந்து முறை அடித்து, ஒவ்வொரு முறையும் திருப்பிப் பாருங்கள். இரண்டு காலும் ஒரே நீளத்தில், தாளோடு படிந்து கிடக்க வேண்டும். ஒரு கால் தூக்கிக்கொண்டு நின்றால் அந்த மெஷின் வேண்டாம். பின் போடும் பகுதியை வெளியே இழுத்தும் பாருங்கள். சிக்கிய பின்னை அந்த வழியாகத்தான் எடுக்க வேண்டும், அது முழுதாக வெளியே வருவது அவசியம்.

பெட்டியில் எழுதியிருக்கும் "140 தாள்" வெறும் வெள்ளைத்தாளுக்கான கணக்கு. நம் கட்டு அப்படியா இருக்கிறது? சின்னச் சின்ன பில்களை ஏ4 தாளில் ஒட்டியிருப்போம், நடுவில் மட்டும் மேடு தட்டியிருக்கும். முன்னும் பின்னும் அட்டை வைப்போம். இடையில் முத்திரைத்தாள் இருந்தால் அது இன்னும் கனம். அதனால் எண்ணிக்கையை நம்பாமல், பின் அடிக்கப் போகும் இடத்தில் கட்டைக் கையால் அமுக்கிப் பிடித்து ஸ்கேலால் அளந்துவிடுங்கள். பில் ஒட்டும்போது இடது ஓரத்தில் இரண்டரை சென்டிமீட்டர் காலியாக விட்டால் ஓரம் சமமாக இருக்கும், பின்னும் நேராக இறங்கும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கடைக்காரர்கள் இரண்டு மூன்று பில்லைச் சேர்த்துச் சின்னப் பின் அடித்துத் தருவார்கள். அதை எடுக்காமல் அப்படியே கட்டில் வைத்து அடித்தால், பெரிய பின் இறங்கும்போது உள்ளே இருக்கும் பின்னில் முட்டி வளைந்துவிடும். பாதியில் சிக்குகிற கட்டைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். அடிக்கும் முன் எல்லாச் சின்னப் பின்களையும் எடுத்துவிடுங்கள். அப்படியே, வழவழப்பான தெர்மல் பில்களை ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நாளடைவில் எழுத்து மங்கிப்போய் வெறும் தாள் மட்டும் மிஞ்சும்.

அடிக்கும் விதத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆடாத மேசை, முழங்கைக்குக் கீழே இருக்கும் உயரம். உட்கார்ந்துகொண்டு அடிக்காதீர்கள், தோள் போய்விடும். நின்றுகொண்டு, கைப்பிடியின் நுனியில் உள்ளங்கையை வைத்து, உடம்பின் எடையைக் கொடுத்து ஒரே அழுத்தாகக் கடைசி வரை அழுத்துங்கள். பாதி அழுத்தி விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால் அடுத்த பின்னும் முன்னால் வந்து இரண்டும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் பிரிண்ட் எடுத்த தாள்கள் சுருண்டு உப்பிக்கொண்டு இருக்கும். அவற்றை நன்றாகத் தட்டி ஓரம் சேர்த்து, மேலே இரண்டு ரிம் பேப்பரைத் தூக்கி வைத்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் கட்டு படிந்து கிடக்கும்.

50 தாளுக்கு மேல் போனால் மூலையில் ஒற்றைப் பின் போடாதீர்கள். புரட்டப் புரட்ட அந்த ஒரு பின்னைச் சுற்றியே தாள் திரும்பி, ஓட்டை பெரிதாகிக் கிழிந்துவிடும். இடது ஓரத்திலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி, மேலே ஒன்று கீழே ஒன்று என்று ஓரத்துக்கு இணையாகப் போடுங்கள்.

பின் சிக்கினால் கத்தியை விட்டு நோண்ட வேண்டாம். பின் போடும் பகுதியை வெளியே இழுத்து, மிச்சப் பின்களை எடுத்துவிட்டு, வளைந்ததை மட்டும் நோஸ் பிளேயரால் பிடித்து இழுங்கள். முகத்தை நேராகக் கொண்டுபோகாதீர்கள். கட்டிலிருந்து பெரிய பின்னைக் கழற்றவும் சின்ன ரிமூவர் உதவாது. பின்பக்கம் தட்டையான ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு காலையும் நிமிர்த்திவிட்டு, முன்பக்கமிருந்து பிளேயரால் இழுக்க வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் வேலை முடிந்ததும் மெஷினை எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள். அந்தக் கைப்பிடிக்குக் கீழே பிஞ்சு விரல் போனால் தாங்காது.

எல்லாக் கட்டுக்கும் பின் அடிக்கத்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டிய தாள்களை அந்த வேலை முடியும் வரை கிளிப்பிலேயே வைத்திருங்கள். 150 தாளைத் தாண்டினால் எனக்கு ஓட்டை போடும் பஞ்சிங் மெஷினும், அதில் கோத்துக் கட்டும் டேக் கயிறும்தான். இன்னொரு தாள் சேர்க்க வேண்டுமென்றாலும் அவிழ்த்துக் கட்டிவிடலாம்.

கடற்கரை ஊர் என்றால் துருவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளையும் பில்களையும் வைத்திருக்க வேண்டும். எங்கள் உப்புக்காற்றில் பின் அத்தனை நாள் வெள்ளையாக இருப்பதில்லை. துரு இறங்கிப் பின்னைச் சுற்றித் தாள் பழுப்பாகி, தொட்டால் பொடிந்துவிடுகிறது. அதனால் ஆடிட்டர் ஆபீசுக்குப் போகும் கட்டுக்கு மட்டும் பின் அடிக்கிறேன். வீட்டில் இருக்கும் கட்டுகளுக்கு டேக் போட்டு, பிளாஸ்டிக் கவரில் வைத்து, தரையில் படாமல் மேல்தட்டில் அடுக்கியிருக்கிறேன்.