பழைய காருக்கு அரசு சலுகை: அறிவித்த தொகை எங்கே போகிறது?

கேள்வி: என் கார் பதினான்கு வருடம் ஓடிவிட்டது. எஞ்சினில் குறை இல்லை. பழைய வண்டியை ஒப்படைத்துப் புதிது வாங்கினால் அரசு சலுகை உண்டு என்ற அறிவிப்பைப் பார்த்து ஷோரூமுக்குப் போனேன். அவர்கள் போட்டுக் காட்டிய கணக்கில் அறிவித்த தொகையில் பாதிகூடத் தேறவில்லை. போதாக்குறைக்கு, வண்டி காலமான அப்பா பெயரிலேயே இருப்பதால் தகுதி கிடைப்பதே சந்தேகம் என்கிறார்கள். நண்பர் ஒருவர் வண்டியை ஒப்படைத்துவிட்டுப் பணத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறார். இது ஏமாற்று வேலையா? கொடுக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா? இல்லை, அடுத்த திட்டம் வரும்வரை பொறுக்கலாமா?

பதில்: ஏமாற்று வேலை இல்லை. ஆனாலும் உங்கள் கோபம் நியாயமானது. பழைய கார்களுக்கு மதிப்புப் போடுவது என் தொழில். இப்படிப்பட்ட திட்டம் வந்த ஒவ்வொரு முறையும் என்னிடம் வருகிறவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: "அவ்வளவு தருவோம் என்றார்களே, எங்கே போனது?"

அந்தத் தொகை உங்கள் பழைய காரின் விலை அல்ல. புது காரின் பில்லில் கழிக்கப்படும் தள்ளுபடி, அவ்வளவுதான். அதை வாங்கிக்கொள்கிற நிமிடமே உங்கள் காரின் சந்தை மதிப்பு போய்விடுகிறது. வண்டியை உடைத்தாக வேண்டும் என்பது நிபந்தனை; உடைக்கப்போகிற வண்டிக்கு யாரும் எக்ஸ்சேஞ்ச் விலை தரமாட்டார்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது சலுகை மட்டும். அதற்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது எங்கேயும் அச்சாவதில்லை.

கணக்காகவே பார்த்துவிடலாம். புது காரின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு சலுகை 10 பங்கு. உங்கள் பழைய காரை வெளியில் விற்றால் 7 பங்கு கிடைக்கும். சாதாரண நாளில் பேரம் பேசினால் ஷோரூம் 4 பங்கு குறைத்திருக்கும். இப்போது கூட்டம் அலைமோதுவதால் 1 பங்குதான் குறைக்கிறது. ஆக, 10 வருகிறது, அதிலிருந்து 7 போகிறது, இன்னும் 3 போகிறது. மிச்சம் பூஜ்யம். அதே வரிசையில் நிற்கும் இன்னொருவரின் கார் தள்ளினால்தான் நகரும், வெளியில் விற்றால் 1 பங்குதான் தேறும் என்றால் அவருக்கு 6 பங்கு லாபம். இருவருக்கும் ஒரே சலுகைதான் கிடைத்திருக்கிறது. ஒருவர் சிரித்துக்கொண்டு வெளியே வருகிறார், மற்றவர் நொந்துபோய் வருகிறார். வண்டியைக் கண்ணும் கருத்துமாகப் பராமரித்தவருக்கே நஷ்டம் என்பதுதான் எனக்கும் மனத்தை உறுத்துகிற இடம்.

அந்த 3 பங்கைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். பிரிட்டன் 2009-ல் பத்து வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு 2,000 பவுண்டு அறிவித்தது. அதில் அரசின் பங்கு 1,000 பவுண்டு; மீதி 1,000 கார் நிறுவனம் போட வேண்டியது. நிறுவனம் தன் பங்கை எங்கிருந்து எடுக்கும்? வழக்கமாகத் தருகிற தள்ளுபடியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாலே போதுமே. இது எந்தத் திட்டத்திலும் நடக்கக்கூடியது. அதனால் ஷோரூமில் உட்கார்ந்ததும் பழைய வண்டியைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். "கையில் வண்டி இல்லை, புதிதாக வாங்குகிறேன், ஆன்-ரோடு என்ன விலை?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சலுகைப் பேச்சு அதற்குப் பிறகு. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார் எதை விழுங்குகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது தகுதி. மக்களின் எரிச்சலில் பெரும்பகுதி இங்கேதான். அமெரிக்காவில் 2009-ல் நடந்த திட்டம் 3,500 அல்லது 4,500 டாலர் தந்தது. ஆனால் பழைய கார் கேலனுக்கு 18 மைலோ அதற்குக் குறைவாகவோ கொடுப்பதாக இருக்க வேண்டும். எரிபொருளைக் குடிக்கிற பெரிய வண்டி வைத்திருந்தவருக்குப் பணம். முன்யோசனையோடு சிக்கனமான சின்ன கார் வாங்கி ஓட்டியவருக்கு ஒன்றுமில்லை. எரிபொருளை மிச்சப்படுத்துவது நோக்கமென்றால் விதி அப்படித்தான் இருக்கும், புரிகிறது. ஆனால் பொறுப்பாக நடந்துகொண்ட குடும்பத்துக்கு அது எப்படி வலித்திருக்கும் என்பதும் புரிகிறது. திட்டம் தொடங்குகிற நேரத்தில் சில மாடல்களின் மைலேஜ் அளவை அரசு திருத்தி வெளியிட்டது. முந்தின நாள்வரை தகுதியோடு இருந்த சில கார்கள் அதனால் பட்டியலைவிட்டு விழுந்தன. அறிவிப்பு வந்த அன்று பார்த்த பட்டியலை நம்பி முன்பணம் கட்டக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஒப்பந்தம் போடுகிற அன்று மறுபடி பாருங்கள்.

உங்கள் அப்பா பெயர் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கத் திட்டத்தில் கார் ஒரு வருடம் தொடர்ந்து அதே உரிமையாளர் பெயரில் பதிவாகி, இன்சூரன்சும் விடுபடாமல் இருந்திருக்க வேண்டும். ஜெர்மனியிலும் ஒரு வருடம். பிரிட்டனிலும் ஒரு வருடம். கொல்லையில் துருப்பிடித்துக் கிடக்கும் கூட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கிவந்து சலுகை கேட்பவர்களைத் தடுக்கத்தான் இந்த விதி. அதில் வாரிசுகளும் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே, முதலில் உங்கள் திட்டத்தின் விதியில் வாரிசு வழியாக வந்த வண்டிக்கு விலக்கு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். விலக்கு இல்லையென்றால் பெயர் மாற்றிய நாளிலிருந்துதான் ஒரு வருடக் கணக்கு ஓடும். எப்படியிருந்தாலும் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். விற்பதற்கும், உடைக்கக் கொடுப்பதற்கும், விபத்து இழப்பீட்டுக்கும் அது தேவைப்படும்.

ஆவணங்களைப் பற்றி இன்னொன்று. என்னிடம் வந்த ஒருவரின் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பியது, காரணமும் சொல்லவில்லை. அவர் காரின் பானட்டைத் திறந்து சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன். தாளில் எட்டு என்று தெளிவாக விழுந்தது. பதிவுப் புத்தகத்தில் அதே இடத்தில் ஆங்கில 'பி' இருந்தது. எப்போதோ யாரோ தட்டச்சில் செய்த பிழை. பத்து வருடத்துக்கு மேல் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது, அவருக்குப் பணம் வரவேண்டிய நேரத்தில் குறுக்கே வந்து நின்றது. உங்கள் காரிலும் இன்றே தேய்த்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

நண்பர் பணத்துக்கு அலைகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இது திட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிற ஓட்டை. பெரும்பாலும் ஷோரூம் முதலில் சலுகையைக் கழித்துக் கொடுத்துவிட்டுப் பிறகு அரசிடம் கேட்டு வாங்கும். இல்லாவிட்டால் நீங்கள் முழு விலையும் கட்டிவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பீர்கள். இரண்டிலும் இடையில் சில வாரங்கள், சில நேரம் மாதங்கள் யாரோ ஒருவர் பணத்தைச் சுமந்தாக வேண்டும். அமெரிக்காவில் ஒதுக்கிய 100 கோடி டாலர் ஏறக்குறைய ஒரே வாரத்தில் தீரும் நிலைக்கு வந்தது. அவசரமாக இன்னும் 200 கோடி சேர்த்தார்கள். ஆகஸ்ட் 24 அன்று திட்டமே முடிந்தது. அதற்குள் ஏறக்குறைய 6.8 லட்சம் கார்கள் கைமாறியிருந்தன. அரசுப் பணம் கைக்கு வரத் தாமதமானதால் ஷோரூம்காரர்கள் கொதித்துப்போனார்கள். அரசு மறுத்தால் அந்தத் தொகையை நீங்களே கட்ட வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கியவர்களும் உண்டு. ஜெர்மனியில் 150 கோடி யூரோ என்று ஆரம்பித்து 500 கோடிவரை உயர்த்தியும் 2009 செப்டம்பர் தொடக்கத்தில் பணம் தீர்ந்துவிட்டது.

எனவே உங்களுக்கு நான் சொல்லும் ஒரே கண்டிப்பான வார்த்தை: அரசின் ஒப்புதல் எண் கைக்கு வரும்வரை வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள். உடைத்த கார் திரும்பி வராது. ஷோரூம் நீட்டும் தாளில் "அரசு நிராகரித்தால்" என்று தொடங்கும் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், நிராகரிப்பு யாருடைய தவறால் வந்தாலும் நீங்கள்தான் கட்ட வேண்டுமா என்று கேளுங்கள். அவர்கள் படிவத்தை தப்பாக நிரப்பியதற்கும் நீங்களே பொறுப்பு என்றால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடலாம்.

நன்றாக ஓடுகிற வண்டியை ஏன் உடைக்க வேண்டும் என்ற ஆதங்கம் உங்கள் கடிதத்தில் வரிகளுக்கிடையே தெரிகிறது. அமெரிக்காவில் அதைச் செய்த முறையைக் கேட்டால் இன்னும் கஷ்டமாக இருக்கும். எஞ்சின் ஆயிலை முழுக்க வடித்துவிட்டு அந்த இடத்தில் சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றுவார்கள். எஞ்சினைக் கிளப்பி நிமிடத்துக்கு 2,000 சுற்று வேகத்தில் ஓடவிடுவார்கள். சூட்டில் நீர் வற்றியதும் கரைசல் கண்ணாடி போல இறுகி, பேரிங்குகளைப் பிடித்துக்கொள்ளும். சில நிமிடங்களில் எஞ்சின் திணறி நின்றுவிடும். பிறகு எந்த மெக்கானிக்காலும் அதை எழுப்ப முடியாது. முதல் கார் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்த எளிய குடும்பங்களுக்குப் போயிருக்க வேண்டிய வண்டிகள் இப்படி முடிவதைப் பார்த்துப் பலர் பொருமினார்கள். உடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஜெர்மனி காட்டியது. அங்கே உடைப்புக்கூடத்துக்குப் போன கார்களில் ஒரு பகுதி கள்ளத்தனமாக ஆப்பிரிக்காவுக்கும் கிழக்கு ஐரோப்பாவுக்கும் கப்பலேறியது. சலுகையும் கொடுத்தாயிற்று, புகை மட்டும் வேறு ஊருக்குப் போயிற்று. அதனால் உடைக்கும் விதியை என்னால் குறைசொல்ல முடியவில்லை. ஆனால் பாதுகாப்பாக ஓடக்கூடிய வண்டியை அதற்குக் கொடுக்கச் சொல்லி உங்களை வற்புறுத்தவும் மாட்டேன்.

இந்தியாவின் அனுபவம் வேறு மாதிரி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய வாகன உடைப்புக் கொள்கையில் கையில் ரொக்கம் கிடையாது. பதிவுபெற்ற உடைப்புக்கூடத்தில் வண்டியை ஒப்படைத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் சொந்த வாகனத்துக்கு சாலை வரியில் 25 சதவீதம்வரை சலுகை, பதிவுக் கட்டணம் இல்லை, நிறுவனங்கள் 5 சதவீதம் தள்ளுபடி தரலாம். இந்தத் "தரலாம்" என்ற சொல்லில்தான் சிக்கல். நிறுவனங்களுக்கு அது ஆலோசனை மட்டுமே. வரிச் சலுகையோ மாநில அரசுகள் கையில். ஆனால் பதினைந்து வருடம் தாண்டிய காரின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு ஏறியதில் "லாம்" எதுவும் இல்லை. கொடுப்பது நிச்சயமில்லாமலும் எடுப்பது நிச்சயமாகவும் இருந்தால் ஜனங்கள் எப்படி நம்புவார்கள்? 2025 ஜூலையில் டெல்லியில் வயதான வண்டிகளுக்குப் பெட்ரோல், டீசல் கிடையாது என்ற தடை எழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. வண்டியின் வயதைப் பார்க்காதே, புகையைப் பார் என்பதுதான் அன்று மக்கள் கேட்டது. மதிப்பீட்டாளனாக நானும் அதையே சொல்வேன். எட்டே வருடத்தில் சீரழிந்த காரையும் இருபது வருடத்தில் சுத்தமாக ஓடும் காரையும் அடிக்கடி பார்க்கிறேன்.

இனி, கொடுப்பதா வேண்டாமா. உங்கள் காரை இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். அந்த விலை சலுகையில் பாதிக்குமேல் இருந்தால், மேலே சொன்ன தள்ளுபடி இழப்பையும் சேர்த்துப் பார்க்கும்போது, ஒப்படைப்பதில் பெரிதாக மிஞ்சாது. கால்பங்குக்குக் கீழே என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டுக்கும் நடுவில் என்றால் கடன்தான் முடிவு செய்யும். உங்கள் பழைய காருக்குத் தவணை இல்லை. புதியதற்கு ஐந்து வருடத் தவணை என்றால் மொத்த வட்டியைக் கூட்டிப் பாருங்கள். பல நேரம் சலுகையை வட்டி மட்டுமே தின்றுவிடும். புது வண்டியின் இன்சூரன்சும் கூடுதல். எப்படியும் இந்த வருடம் வண்டி மாற்றுவதாக இருந்தவருக்குத்தான் இந்தத் திட்டங்கள் உண்மையில் லாபம். அமெரிக்கத் திட்டத்தை ஆராய்ந்த பொருளாதார வல்லுநர்கள் அதிஃப் மியான், அமீர் சூஃபி இருவரும், திட்டம் நடந்த இரண்டு மாதத்தில் கூடுதலாக விற்ற கார்கள் ஏறக்குறைய எல்லாமே சில மாதங்களில் எப்படியும் விற்றிருக்கக்கூடியவை என்று கண்டார்கள். வாங்கத் தயாராக இல்லாதவர் சலுகைக்காக வாங்கத் தேவையில்லை.

கொடுப்பதாக முடிவானால், ஒப்படைத்த அன்றே எடுத்துச்சென்றவரின் கையெழுத்தும் தேதியும் உள்ள ரசீது வாங்குங்கள். ஓடோமீட்டர், நம்பர் பிளேட், சேஸிஸ் எண் மூன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். பதிவு ரத்தான சான்று வராதவரை இன்சூரன்சை நிறுத்தாதீர்கள். அந்த வண்டி வெளியே ஓடி எதையாவது இடித்தால் முதலில் தேடிவருவது உங்களைத்தான்.

அடுத்த திட்டத்துக்காகக் காத்திருப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். இவை பெரும்பாலும் கார் விற்பனை படுத்துக்கிடக்கும்போது திடீரென்று வருகின்றன, சொல்லாமல் முடிகின்றன. எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஒன்றுக்காக உங்கள் காரின் விற்பனை விலையை மாதாமாதம் கரையவிடுவது வீண். பிரான்சில் 1994 முதல் 1996 வரை இரண்டு திட்டங்கள் அடுத்தடுத்து நடந்தன. அவை முடிந்தபின் 1997-ல் கார் விற்பனை சரிந்தது. திட்டம் முடிந்த மறுமாதம் ஷோரூம்கள் காலியாகக் கிடக்கும். உங்களைப் போல நல்ல நிலையில் கார் வைத்திருப்பவருக்கு அதுதான் பேரம் பேச ஏற்ற நேரம். அதற்குள் பெயர் மாற்றத்தை முடித்து, காரைத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருங்கள். உடைப்பதற்குக் கொடுக்காமல் ஓட்டுவதற்கு வாங்குகிற ஒருவரிடம் நல்ல விலைக்கே கொடுத்துவிடலாம்.