கேள்வி பதில்: சரணடைந்த கோப்ளினும் அலைன்மெண்ட் கட்டமும்

டிஎன்டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற கேரக்டர் ஆட்டத்தில் வரும் தர்மசங்கடங்கள், அலைன்மெண்ட் (கேரக்டர் நல்லவனா கெட்டவனா, ஒழுங்குக்கு அடங்குபவனா என்ற வகை) குழப்பங்கள் எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன், கேள்விகள் குவிந்துவிட்டன. சுவாரசியமானவற்றுக்கு நீளமாக எழுதுவேன், மற்றதற்கு ஒரு வரிதான். யாரும் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: நான் புதுசு. இந்த ஒன்பது கட்டத்தில் எதை எடுப்பது என்றே தெரியவில்லை. கட்டாயம் எடுக்க வேண்டுமா?

பதில்: 1974இல் வந்த முதல் பதிப்பில் லா (ஒழுங்கு), நியூட்ராலிட்டி (நடுநிலை), கேயாஸ் (ஒழுங்கின்மை) என்று மூன்றே மூன்றுதான். அது கேரக்டரின் குணத்தைவிட, பெரிய சண்டை வந்தால் அவன் எந்தப் பக்கம் நிற்பான் என்பதையே அதிகம் காட்டியது. 1978 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் குட் (நன்மை), ஈவில் (தீமை) என்ற இன்னொரு அச்சும் சேர்ந்து ஒன்பதாக நின்றது. 2008இல் நான்காம் பதிப்பு அதை ஐந்தாகச் சுருக்கியது. 2014இல் ஐந்தாம் பதிப்பு ஒன்பதையும் திரும்பக் கொண்டுவந்தது, ஆனால் பல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் கொண்டுவந்தது. இப்போது விதிகளில் அதைத் தொடும் இடங்கள் மிகக் குறைவு. எதையாவது பென்சிலில் எழுதிவிட்டு ஆட ஆரம்பியுங்கள். ஐந்தாறு ஆட்டம் போனபின் உங்கள் கேரக்டர் என்னென்ன செய்திருக்கிறான் என்று பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் பாலடின் (சத்தியம் எடுத்த புனித வீரன்) காவலாளியிடம் பொய் சொல்லிக் கோட்டைக்குள் நுழைந்தான். நான் டிஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்). அவன் சக்திகளைப் பிடுங்கலாமா?

பதில்: எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் கேட்கிறீர்களே! மூன்றாம் பதிப்பில் பாலடின் லாஃபுல் குட்டாகத்தான் இருக்க வேண்டும், பொய் கூடாது என்பது அவன் நெறியிலேயே இருக்கிறது. ஆனால் சக்தி போவதற்கு வேண்டுமென்றே ஒரு ஈவில் செயல் செய்திருக்க வேண்டும், அல்லது நெறியை அப்பட்டமாக மீறியிருக்க வேண்டும். கதவருகே சொன்ன ஒரு பொய் அதில் சேராது. 2014 ஐந்தாம் பதிப்பு என்றால் அவன் எடுத்த சத்தியத்தைப் பாருங்கள். டிவோஷன் சத்தியத்தில் பொய் சொல்லாதே என்று நேராகவே இருக்கிறது, வெஞ்சன்ஸ் சத்தியத்தில் அப்படி ஒரு வரி இல்லை. டிவோஷன்காரன் என்றால் அன்றிரவு தூங்காமல் பிரார்த்தனையில் உட்காரவையுங்கள், போதும். அப்புறம், சத்தியத்தை எப்படிப் புரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்று முதல் ஆட்டத்துக்கு முன்பே பேசிவையுங்கள். இதை இன்னும் பலமுறை சொல்லப் போகிறேன்.

கேள்வி: அக்கா, குகையில் எல்லாக் கோப்ளின்களையும் (குள்ளப் பூதங்கள்) அடித்துவிட்டோம். கடைசியாக ஒன்று கத்தியைக் கீழே போட்டுச் சரணடைந்தது. என் ரோக் (திருட்டு வித்தை தெரிந்த கேரக்டர்) அதன் கழுத்தை அறுத்துவிட்டான். டிஎம் உடனே என் கேரக்டர் ஷீட்டை வாங்கிக் கேயாடிக் ஈவில் என்று எழுதிவிட்டார். நியாயமா?

பதில்: கொன்றது நல்ல காரியம் இல்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் ஒரே செயலுக்குக் கட்டத்தை மாற்றுவது தண்டனை. பழைய ஆட்டக்காரர்கள் இதற்கு இவ்வளவு பதறக் காரணம் உண்டு. 1979 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடின்படி அலைன்மெண்ட் மாறினால் ஒரு லெவலே போய்விடும். இன்று அப்படி எதுவும் போகாது, அவமானம் மட்டும்தான் மிச்சம்.

உங்கள் டிஎம்மிடம் நான் கேட்க நினைப்பது வேறு. அந்தக் கோப்ளினை உயிரோடு வைத்திருக்க உங்களுக்கு வழி இருந்ததா? விட்டால் ஓடிப்போய் எல்லோரையும் எழுப்பும், கட்டிப்போட்டால் பட்டினியில் சாகும், கூட்டிப்போனால் முதல் திருப்பத்தில் முதுகில் குத்தும் என்று எல்லாக் கதவையும் டிஎம்மே சாத்திவைத்தால் அதில் தர்மசங்கடம் எங்கே இருக்கிறது? அது எலிப்பொறி. எதிரி சரணடைய வேண்டும் என்று நினைக்கும் டிஎம், அதன் வாயில் ஒரு பேரத்தையும் வைக்க வேண்டும். “மேல் குகையில் என் தம்பி காவல் நிற்கிறான், நான் சொன்னால் வழி விடுவான்” என்று அது சொல்லட்டும். இப்போது நம்புவதா வேண்டாமா என்று நீங்கள் யோசித்தாக வேண்டும். நம்பாமல் கொன்றால் மேலே நிற்கும் தம்பி அண்ணனின் உடலைப் பார்ப்பான். விளைவு கதைக்குள்ளேயே வந்துவிட்டது, ஷீட்டில் எழுத வேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி: கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் கதை எழுதுகிறேன். டிடெக்ட் ஈவில் அண்ட் குட் மந்திரம் போட்டுக் கெடுத்துவிடுவார்களே?

பதில்: ஐந்தாம் பதிப்பு என்றால் மாட்டார்கள். அது பேய், பிசாசு, தேவகணம், ஃபே (மாயவன உயிர்கள்) மாதிரியான இனங்களைத்தான் காட்டும். மனிதக் கொலைகாரனுக்கு ஆபத்தில்லை.

கோப்ளின் பதிலுக்கு மறுப்பு: கோப்ளின் நியூட்ரல் ஈவில் என்று 2014 மான்ஸ்டர் மேனுவல் புத்தகத்திலேயே போட்டிருக்கிறதே. ஈவிலைக் கொன்றால் என்ன தப்பு?

பதில்: அதே 2014 புத்தகத்தின் முன்னுரையில், போட்டிருக்கும் அலைன்மெண்ட் ஒரு தொடக்கம்தான், டிஎம் மாற்றிக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. மூன்றாம் பதிப்பு இன்னும் தெளிவு. அங்கே கோப்ளினுக்கு ‘யூஷுவலி’ (பெரும்பாலும்) நியூட்ரல் ஈவில் என்று இருக்கும், அதன் பொருள் பாதிக்கு மேல் என்பதுதான். மிச்சம் இருப்பவற்றில் ஒன்று உங்கள் முன்னால் மண்டியிட்டிருக்கலாம். டீமன், டெவில் கதை வேறு, அவை ஈவிலாலேயே ஆனவை. தவிர, எதிரி கெட்டவன் என்பதால் நான் செய்வதெல்லாம் நல்லதாகிவிடாது.

கேள்வி: பாலடின் திருடனோடு ஒரே குழுவில் இருக்கலாமா?

பதில்: இருக்கலாம். திருடன் என்றால் ஈவில் என்று யார் சொன்னது?

கேள்வி: என் விஸர்ட் (மந்திரவாதி) இடுகாட்டுப் பிணங்களை எழுப்பி, வெள்ளத்துக்கு முன் ஊருக்குக் கரை கட்டுகிறான். யாருக்கும் கெடுதல் இல்லை. இதுவும் ஈவிலா?

பதில்: இன்றைய நல்ல கேள்வி இதுதான்! மூன்றாம் பதிப்பில் அனிமேட் டெட் மந்திரத்தின் மேலேயே ஈவில் என்ற முத்திரை உண்டு. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு கொஞ்சம் இறங்கிவந்து, இது நல்ல செயல் இல்லை, கெட்டவர்கள்தான் இதை அடிக்கடி செய்வார்கள் என்கிறது. முத்திரையை விடுங்கள், மந்திரத்தின் விதியைப் படியுங்கள். எழுப்பிய பிணம் 24 மணி நேரம்தான் சொல்பேச்சு கேட்கும். அதற்குள் மறுபடி மந்திரம் போட்டுப் பிடியைப் புதுப்பிக்காவிட்டால் அது உங்கள் கட்டளைக்கு அடங்காது. ஆக, கரை கட்டும் நாள் முழுக்க ஊரின் உயிர் உங்கள் விஸர்டின் தூக்கத்திலும் காய்ச்சலிலும் தொங்குகிறது. ஊர்க்காரர்களிடம் இதைச் சொன்னானா? பிணங்களின் சொந்தக்காரர்களிடம் கேட்டானா? மண் சுமக்கிற எலும்புக்கூட்டின் கையில் அம்மாவின் வளையலைப் பார்க்கிற ஒரு மகளை டிஎம் கொண்டுவந்தால் அன்றைய ஆட்டம் முழுக்க அதிலேயே ஓடும். வெள்ளமும் நிஜம், வளையலும் நிஜம். எது சரி என்று டிஎம் முன்கூட்டியே முடிவு செய்யாமல் இருந்தால் போதும்.

கேள்வி: நான் கேயாடிக் நியூட்ரல். குழுவின் பணத்தைத் திருடினேன். என் கேரக்டர் அப்படித்தான் செய்யும். ஏன் எல்லோரும் கத்துகிறார்கள்?

பதில்: ஏனென்றால் அந்தக் கேரக்டரை உருவாக்கியது நீங்கள். கூட ஆடுபவர்களோடு சேர்ந்து ஆட முடிகிற ஒருவனை உருவாக்குங்கள். முதல் ஆட்டத்துக்கு முன் பேசுங்கள்.

இன்னொரு மறுப்பு: டைஸ் உருட்டி அடிதடி ஆட வந்தோம். கோப்ளினுக்கு நீதிமன்றம் வைக்கவா?

பதில்: அடிதடி மட்டும் போதும் என்றால் தாராளமாக ஆடுங்கள், நானும் ஆடுவேன். அப்போது எலும்புக்கூடுகளை இறக்குங்கள், அவை சரணடையாது. பாதிப் பேர் அடிதடிக்கும் பாதிப் பேர் தர்ம விசாரணைக்கும் வந்து உட்கார்ந்தால்தான் தகராறு. மறுபடியும் அதேதான்: முன்கூட்டியே பேசுங்கள்.

கேள்வி: அந்த ரோக்கின் டிஎம் நான்தான். அவர் முழுசாகச் சொல்லவில்லை. இதற்கு முன் கைதியாக வந்த இரண்டு பேரையும் இதேபோல் சிரித்துக்கொண்டே முடித்தார்.

பதில்: அட! அப்படியானால் இது ஒற்றைச் செயல் இல்லை, பழக்கம். ஈவில் என்று எழுதியதை நான் எதிர்க்க மாட்டேன், கேயாடிக் ஏன் என்றுதான் புரியவில்லை. ஆனால் இரண்டாவது கைதியின்போதே ஆட்டத்தை நிறுத்தி, “இப்படிப் போனால் கட்டம் மாறும்” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் ஷீட்டைப் பிடுங்கினால் சண்டை வரத்தான் செய்யும்.

கேள்வி: பாலடின் விஷம் பயன்படுத்தினால்…

பதில்: பாலடின் கேள்விகளை இத்துடன் மூடுகிறேன். மேலே இருக்கிறது.

கேள்வி: அலைன்மெண்டையே தூக்கிவிடலாமா?

பதில்: பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் 2023 ரீமாஸ்டரில் தூக்கியே விட்டார்கள். அதற்குப் பதில், கட்டாயம் செய்ய முயல்வது எது, எக்காரணம் கொண்டும் செய்யாதது எது என்று எழுதிவைக்கிறார்கள். எனக்குப் பிடித்த முறை. “சரணடைந்தவரைக் கொல்ல மாட்டேன்” என்று ஷீட்டில் ஒரு வரி இருந்தால் ஒன்பது கட்டத்தைவிட அதிகம் வேலை செய்யும்.

ரோக் ஆடுபவர்: அக்கா, டிஎம் சொன்னது உண்மைதான். ஆனால் கட்டிப்போட எங்களிடம் கயிறே இல்லை, வேறு என்ன செய்ய?

பதில்: 2014 புத்தகப்படி ரோக் ஆரம்பத்தில் மூன்று பைகளில் ஒன்றை எடுக்கலாம். மூன்றிலும் 50 அடி கயிறு உண்டு. ஷீட்டைப் பாருங்கள்.