லேப் ரிப்போர்ட்டில் தண்ணீர் நார்மல் என்கிறார்கள். ஹார்மோனைக் குழப்பும் ரசாயனம் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் அது இருக்காது.

கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்கள் வடசென்னையில் ஆலைகள் நிறைந்த மணலி, எண்ணூர் பக்கம் இருக்கிறீர்கள், வீட்டில் பெண் பிள்ளை இருக்கிறாள் என்று நினைக்கிறேன். தண்ணீரால் பிள்ளை சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுமோ என்று திருவொற்றியூரில் எங்கள் தெருவிலும் இதே பயம்தான். பிஎச், டிடிஎஸ், குளோரைடு, கோலிஃபார்ம் என்று வழக்கமானதை மட்டும் பார்த்துவிட்டு நார்மல் என்று எழுதுகிறார்கள். குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500:2012 பட்டியலிலேயே எஸ்ட்ரடயால் என்ற பெண் ஹார்மோனும், அதைப் போலவே நடிக்கும் பிஸ்பீனால் ஏ என்ற பிளாஸ்டிக் ரசாயனமும் கிடையாது.

ரசாயனங்களைப் பிரித்து எடையை வைத்து அடையாளம் காணும் எல்சி-எம்எஸ் கருவியில் தேடலாம். அதில் எந்தப் பொருளைத் தேடச் சொல்கிறோமோ அதற்குத்தான் பதில் வரும். பட்டியலில் இல்லாதது தப்பிவிடும். பல பொருள்கள் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதும் அதில் தெரியாது. அதற்குத்தான் ஈஸ்ட் சோதனை. ஈஸ்ட்ரோஜன் என்பது பெண் ஹார்மோன்; அது வந்து ஒட்டும் புரதம்தான் ஏற்பி. மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணுவை ஈஸ்டுக்குள் (ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்) புகுத்தியிருப்பார்கள். ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்யும் எது வந்து ஒட்டினாலும் ஈஸ்ட் ஒரு நொதியை உண்டாக்கும், கூடவே சேர்த்திருக்கும் மஞ்சள் சாயத்தை அது சிவப்பாக்கும். ரவுட்லெட்ஜ், சம்ப்டர் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1996-இல் வெளியிட்ட முறை இது. இன்று ஐஎஸ்ஓ 19040-1 என்று சர்வதேசத் தரமாகவே இருக்கிறது.

எம்.எஸ்சி. முடித்ததும் நான் ஒரு ஆய்வகத்தில் இந்த வேலைதான் செய்தேன். பக்கிங்காம் கால்வாய்த் தண்ணீரை வடிகட்டி, ரசாயனங்களைப் பிடித்துவைக்கும் சி18 கார்ட்ரிட்ஜில் ஏற்றி, செறிவாக்கி, 96 குழித் தட்டில் ஈஸ்ட்டோடு வைத்தோம். கால்வாய் மாதிரி இருந்த வரிசை முழுக்க மஞ்சளாகவே நின்றது. என் மேலதிகாரி தட்டைப் பார்த்துவிட்டு, “கலர் வரலைம்மா, இல்லைன்னு எழுதிடு” என்றார். ஈஸ்ட் வளர்ந்தால் குழி கலங்கும் என்பதால் நான் கலங்கலையும் அளந்து வைத்திருந்தேன். “சார், ஈஸ்ட்டே வளரலை சார். செத்துப்போனது எப்படி சார் கலர் காட்டும்?” என்றேன். அவருக்குக் கோபம். நான் கையெழுத்துப் போடவில்லை. அதே சாற்றைப் பல மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி வைத்தேன். ஈஸ்ட் பிழைத்தது, குழிகள் சிவந்தன. சாக்கடை கலக்கும் கால்வாயில் ஈஸ்ட்ரோஜன் இருப்பது அதிசயமில்லை. ஆனால் நச்சு மிகுந்த தண்ணீருக்கு ‘சுத்தம்’ என்று ரிப்போர்ட் போயிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. ஆலைக் கழிவு ஓடும் எங்கள் பக்கத்தில் இது எத்தனை முறை நடந்திருக்குமோ?

‘பீதி கிளப்புகிறார்’ என்று கமெண்ட் போட வருபவர்களுக்கு: சிவப்பு வந்தால் நோய் வரும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. இது முதல் சல்லடை மட்டும்தான். சிக்கினதை மனித செல்களில் (ஓஈசிடி என்ற சர்வதேச அமைப்பின் சோதனை முறை 455), பிறகு எலியின் கருப்பை எடை கூடுகிறதா என்று (முறை 440) சரிபார்க்க வேண்டும். ஆண் ஹார்மோனுக்கும் தைராய்டுக்கும் வேறு சோதனைகள். உங்கள் பெண் சீக்கிரம் வயதுக்கு வந்தால் அதற்குத் தண்ணீர்தான் காரணம் என்று எந்த லேபாலும் சொல்ல முடியாது, குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் சேர்க்க வேண்டும். எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றால் ஐஸ் உருகும்வரை நாங்கள் பைக்கில் நிற்போம். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆம்புலன்ஸும் அதே புழுதியில்தான். துறைமுகத்துக்கு வழி விட்டு விட்டே எங்கள் ஜனங்களின் ஆயுசு போகிறது, கேட்க நாதியில்லை.

சரி, உங்கள் விஷயம். மாதிரியைப் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுக்காதீர்கள். பாஸ்டனில் சோட்டோ, சோனன்ஷைன் என்ற ஆய்வாளர்கள் ஈஸ்ட்ரோஜன் பட்டால் பெருகும் மார்பகப் புற்று செல்களை வளர்த்தபோது, ஹார்மோன் சேர்க்காமலே அவை பெருகின. பிளாஸ்டிக் சோதனைக் குழாயிலிருந்து கசிந்த, ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடிக்கும் நோனைல்பீனால் என்ற ரசாயனம்தான் காரணம் என்று 1991-இல் எழுதினார்கள். கண்ணாடி பாட்டில் வாங்குங்கள், மூடிக்கு உள்ளே அலுமினியத் தாள் வையுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால், ஈஸ்ட் உயிரோடு இருந்ததா என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு லேப் பாருங்கள்.